லாரிக்காரம்மா படித்த சிந்தி

அந்த அக்காவைப் பற்றி எழுத உட்காரும்போதே எனக்கு ஒரு மாதிரி கூச்சமாக இருக்கிறது. உட்காராத மனுஷியைப் பற்றி உட்கார்ந்துகொண்டு எழுதுவதா? எழுந்து போய் சாமி விளக்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு வந்துதான் தொடங்குகிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. தப்புத் தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவர்கள் லாரிக்காரம்மா என்பார்கள். என் வயதுக்காரிகளுக்கு அக்கா. வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர், தொப்பூர் கணவாயில் வண்டியோடு போய்ச் சேர்ந்துவிட்டார். மகனும் லாரிதான். நான் கல்யாணமாகி தர்மபுரிக்கு வந்தது அறுபதுகளின் நடுவில். வந்த மறுநாள் வாசல் தெளிக்கப் போனவள் கண்டது, எதிர் வீட்டு வாசலில் ஓர் அம்மா தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, நடந்தபடியே களியை விழுங்கிக்கொண்டிருந்ததை. ஓர் உருண்டை, நாலு எட்டு, ஓர் உருண்டை, திரும்பி நாலு எட்டு. எங்கள் ஊரில் சாவு வீட்டில்கூட அப்படிச் சாப்பிட மாட்டார்கள்.

பழகின பிறகு ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"ஏனுங்க்கா, குந்தி ரெண்டு வாய் தின்னா ஆகாதா?"

"குந்துனா தூக்கம் வந்துரும் புள்ள. நான் தூங்குனா வேலய யாரு பாக்கறது? உங்க மாமியாளா?"

உள்ளேயிருந்து என் மாமியார் குரல் கொடுத்தார்: "ஏண்டி, உன் கால்ல சக்கரம் கட்டியிருக்குதுன்னா அதுக்கு என்ன ஏண்டி இழுக்கற?"

சக்கரம் என்பது சரிதான். பேச்சில் முதல் பாதியை என் அடுப்பங்கரையில் சொல்வார், மீதியைத் தெருவிலிருந்து சொல்வார். நடுவில் என் குழம்பை ஒரு கிண்டு கிண்டி, உப்பு பார்த்து, உறியில் கை வைத்து, கொடியில் கிடக்கும் துணியைத் திருப்பிப் போட்டிருப்பார். அடுத்த வீட்டுக் கோலத்தில் ஒரு புள்ளி தள்ளியிருந்தால் குனிந்து அழித்துப் போட்டுவிட்டுத்தான் அந்த இடத்தைத் தாண்டுவார். அதனால் அவரைப் பிடிக்காதவர்களும் உண்டு. ஒரு நிமிஷம் நிம்மதியாக இருக்க விடமாட்டாள் என்பார்கள். நிஜம்தான். அவர் வந்துவிட்டுப் போனால் வீட்டில் காற்றடித்து ஓய்ந்த மாதிரி இருக்கும், ஏதாவது ஒரு சாமான் இடம் மாறியிருக்கும்.

கல்யாண வீடுகளில் பந்தியில் அவரை யாரும் கண்டதில்லை. சாம்பார் வாளியோடுதான் காணலாம். தீர்த்தமலைக்குத் தெருவே சேர்ந்து போனபோதும் அப்படித்தான். மலையேறி, பாறையிலிருந்து விழுகிற ராமர் தீர்த்தத்தில் தலை நனைத்து, சாமி கும்பிட்டு இறங்கி வந்து, எல்லாரும் மரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். அக்கா தன் பங்கை இலையோடு கையில் வாங்கிக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். குரங்குக்குப் பயந்து என்றார். நாங்களும் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம்.

ராத்திரி பகல் பாராமல் அவர் காது மட்டும் பெங்களூர் ரோட்டில் இருக்கும். மகன் வண்டியின் ஹாரன் அவருக்குத் தெரியும். ஹாரன் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு முக்குவரை ஓடுவார். கேட்காத நாட்களில் இரண்டு மடங்கு நடப்பார்.

அந்த மகன் ஒரு முறை பம்பாய்க்குப் புளி லோடு ஏற்றிப் போனவன், திரும்பும்போது ஒரு பெண்ணோடு வந்து இறங்கினான். கல்யாண் என்கிற ஊருக்குப் பக்கத்தில் அகதிகள் குடியிருப்பு ஒன்றில் அவள் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தாராம். பாகிஸ்தானாகிப் போன சிந்துவிலிருந்து வந்த குடும்பம். அம்மா இல்லாத பெண். அங்கேயே கோயிலில் தாலி கட்டி, அப்பாவின் அரைமனச் சம்மதத்தோடு கூட்டி வந்திருந்தான். வெளுத்த நிறம், பெரிய கண்கள், இழுத்து விட்ட முக்காடு. ஓர் இரும்புப் பெட்டி. பெட்டிக்குள்ளிருந்து முதலில் வெளியே வந்தது ஒரு சாமி படம். வெள்ளைத் தாடியோடு ஒரு பெரியவர், ஆற்று நடுவில் மீன்மேல் உட்கார்ந்திருந்தார். அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கி, மாடத்தில் தீர்த்தகிரீஸ்வரர் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, அதற்கும் ஒரு பூ கிள்ளி வைத்தார். "ஆத்துச் சாமி. நம்ம மலைச் சாமிக்கும் தண்ணிதான் விசேஷம். ரெண்டு பேரும் ஒத்துப் போவாங்க" என்றார்.

சாமிகள் ஒத்துப் போனார்கள். மனுஷர்களுக்குத்தான் பாஷை இல்லை.

மகன் ஒரு வாரம் இருந்தான், அடுத்த லோடு வந்தது, போய்விட்டான். பெண்ணுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. அக்காவுக்குத் தமிழைத் தவிர கொஞ்சம் கன்னடம் தெரியும், அது உதவாது. கையாலேயே பேசிக்கொண்டார்கள். அப்படி இருக்கும்போதுதான் அந்தக் கிணற்று விஷயம் நடந்தது.

தெருக் கோடிக் கிணற்றில் படி பாசி பிடித்துக் கிடந்தது. தனியாகப் போகாதே, என்னோடு வா என்று அக்கா சொல்ல நினைத்தார். கிணற்றுப் பக்கம் கை காட்டினார், பெண்ணைக் காட்டினார், தன்னைக் காட்டினார், கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். பெண் எல்லாவற்றுக்கும் தலையசைத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் வழுக்கி விழுந்தாள். குடம் நசுங்கியதோடு போயிற்று. அக்கா அவள் முழங்காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே புலம்பினார்:

"கெணத்தக் காட்டுனேன், அது புரிஞ்சுது. உன்னக் காட்டுனேன், புரிஞ்சுது. 'கூட'ங்கறத எதுல கண்ணு காட்டறது?"

அன்றைக்கே என்னையும் இழுத்துக்கொண்டு தையற்கடை பாய் வீட்டுக்குப் போனார். எங்கள் தெருவில் உருது பேசுகிற வீடு அது ஒன்றுதான். பாயம்மாவும் இந்தப் பெண்ணும் உருதும் இந்தியுமாகக் கலந்து பேசிக்கொள்வார்கள். அக்காவின் யோசனை, பாயம்மாவை நடுவில் வைத்துச் சிந்தியைக் கற்றுக்கொள்வது.

பாயம்மா மிஷினை நிறுத்தாமல் சொன்னார்: "அதுக்கென்னங்க. மொதல்ல தண்ணிக்கு என்ன, சோத்துக்கு என்னன்னு கேட்டுச் சொல்றேன்."

"அது எனக்கு எதுக்கு? தண்ணியச் சொம்புல காட்டிட்டுப் போறேன். சோத்தக் கரண்டியில காட்டறேன். 'மேல'ங்கறத எதுல காட்டறது? 'ஆனா'ங்கறத எந்தக் கரண்டியில மொள்றது? காட்ட முடியாதத மட்டும் கேட்டுச் சொல்லு பாயம்மா. மத்தத நான் பாத்துக்கறேன்."

பாயம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். யாரும் அப்படி ஒரு பாஷையைப் படித்ததாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. ஆனால் யோசித்தால் அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

அப்படித்தான் அக்காவின் படிப்பு தொடங்கியது. பெண்ணை முற்றத்தில் உட்கார வைப்பார். தான் சுற்றிச் சுற்றி வேலை செய்துகொண்டே கேட்பார். சொம்பை அடுப்பின்மேல் வைத்துவிட்டு முகத்தைப் பார்ப்பார். "தே" என்பாள் பெண். மேலே என்பதற்கு தே. சொம்பைப் பானைக்குள் இறக்கிவிட்டுப் பார்ப்பார். "மே." உள்ளே என்பதற்கு மே. கிணற்றிலிருந்து வருகிறாற்போல நடந்து வந்து நிற்பார். "கான்." அங்கிருந்து என்பதற்கு கான். பிறகு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து நடந்து காட்டி, முகத்தைப் பார்த்தார். பெண் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தாள். "ஸான்" என்றாள். கூட என்பதற்கு ஸான்.

"பாத்தியா புள்ள?" என்று என்னிடம் ஓடி வந்தார். "நம்ம மாதிரியே பின்னாடிதான் ஒட்ட வெக்கிறாங்க. வூட்டுலன்னு நாம சொன்னா, வூடு மேன்னு இவங்க. எங்கியோ ஆயிரம் மைலுக்கு அப்பால, இதுல மட்டும் நம்ம சாதி ஜனமாட்டம் இருக்குறாங்க!"

கையால் காட்ட முடியாதவற்றைப் பாயம்மா மூலமாகக் கேட்டுக்கொண்டார். இதுவும் அதுவும் என்று சேர்ப்பதற்கு ஐன். ஆனால் என்பதற்கு பர். அவனுக்காக, இவளுக்காக என்பதற்கு லாய். ஏனென்றால் என்பதற்கு ச்சோ-த. இல்லை என்பதற்கு ந, அது தலையை ஆட்டினாலே தெரிந்துவிடும், இருந்தாலும் கற்றுக்கொண்டார். இன்னது நடக்கிறவரைக்கும் என்பதற்கு ஜேஸ்தாயீன், அதுவரைக்கும் என்பதற்கு தேஸ்தாயீன். கடைசி இரண்டும் வாயில் நுழைய அவருக்குப் பல நாளாயிற்று. தெருவில் நடக்கும்போதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போவார். லாரிக்காரம்மா ஏதோ மந்திரம் எடுத்திருக்கிறாள் என்று ஒரு பேச்சுக் கிளம்பியது.

அந்த வீட்டில் ஒரு புதுப் பாஷை உருவாயிற்று. சாமான்கள் தமிழில், இடையில் ஒட்டுவது சிந்தியில். "கண்ணு, அரிசி ஐன் பருப்பு எடு, பர் ராகி வேண்டாம்." "புளி பானை மே இருக்குது பாரு." பெண்ணோ தமிழில் சாமான் பெயர்களாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். உலக்கை, முறம், அண்டா, சுண்டல். அவள் கல்லாகக் கொண்டு வர, அக்கா மண் குழைத்துப் பூச, சுவர் எழும்பியது. தெருவுக்கும் அது தொற்றியது. எங்கள் மாவு மில்லில் யாராவது அவசரப்படுத்தினால் என் வீட்டுக்காரர், "அரைச்சுத் தர்றேன், பர் சாயங்காலந்தான்" என்பார். பால்காரர்கூடக் கற்றுக்கொண்டார். "தயிரு லாய் தனிக்காசு, லாரிக்காரம்மா!"

களி சாப்பிடவும் அவளுக்குப் பழக்கிவிட்டார். முதலில் பாவம், அதை மென்று மென்று தாடை வலித்துப் போனாள். விழுங்க வேண்டும் என்று அக்கா தொண்டையைத் தொட்டுக் காட்டினார். பெண் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து விழுங்குவாள். அக்கா நிலைப்படியில் நின்றபடி விழுங்குவார். வாசலுக்கும் முற்றத்துக்கும் நடப்பார். பெண் தன் பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டுவாள். அக்கா, வேலை கிடக்கிறது என்று கையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதில் ஒரு வினை வளர்ந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அக்கா அப்படித்தானே என்று பழகிவிட்டது.

பெண் உண்டானாள். மகன் சந்தோஷத்தில் இன்னும் அதிகமாக லோடு பிடித்தான். வருவான், ஒரு நாள் தூங்குவான், போவான். வயிறு தெரியத் தொடங்கிய பிறகு அவள் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. பாயம்மா வீட்டுக்குப் போனால் மணிக்கணக்காகப் பேசுகிறாள், வீட்டுக்கு வந்தால் பேச்சில்லை. அக்கா என்னிடம் வந்து அடுப்பைக் கிளறுவார், விறகைச் செருகுவார், உருவுவார்.

"அந்தப் பாயம்மாகிட்ட மட்டும் என்னா பேச்சு வேண்டிக்கெடக்குது? நான் கத்துக்கிட்டதெல்லாம் எதுக்கு? என்கிட்ட மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குது."

"புள்ளத்தாச்சி, அப்படித்தானுங்க்கா இருக்கும்."

"இல்ல புள்ள. எனக்கு மனசு ஒட்டல."

பெண்ணின் அப்பாவிடமிருந்து ஆள் மூலம் தகவல் வந்தது, பிரசவத்துக்குக் கூட்டிப்போக வருகிறேன் என்று. அது முறைதானே. தலைப்பிரசவம் அப்பன் வீட்டில்தான். அங்கே அண்ணி இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள். அக்காவும் வளையல் போட்டு அனுப்ப ஏற்பாடு செய்தார். ஆனால் அவர் வருவதற்கு முந்தைய நாள் காலையில் அக்கா என் வீட்டுக்கு வந்த கோலத்தைப் பார்த்து நான் கையிலிருந்த படியைக் கீழே வைத்துவிட்டேன். அவர் ஒன்றையும் தொடவில்லை. அசையாமல் நின்றார்.

"மாடத்துல இருந்த ஆத்துச் சாமியக் காணோம் புள்ள. பொட்டியில எடுத்து வெச்சுட்டா. சேலைக்குள்ள சுத்தி வெச்சிருக்கா. பிரசவத்துக்குப் போறவ சாமிய ஏன் எடுத்துட்டுப் போவணும்?"

திரும்பி வருகிறவள் சாமியை விட்டுவிட்டுத்தான் போவாள்.

இருவரும் பாயம்மாவிடம் போனோம். பாயம்மா முதலில் சொல்ல மறுத்தார். அக்கா மிஷின் சக்கரத்தின்மேல் கையை வைத்து நிறுத்தினார். பிறகு பாயம்மா குனிந்துகொண்டே சொன்னார்:

"தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பொண்ணு சொல்லுது, எங்க அம்மாண், அதாவது மாமியா, நல்லவங்கதான், எனக்காக எங்க பாஷையெல்லாம் கத்துக்கிட்டாங்க. ஆனா வந்த நாள்லருந்து என்கூட ஒரு வேளை குந்தி சாப்பிட்டதில்ல. எங்க ஊருல மாமியாளும் மருமவளும் ஒரே தட்டுல சாப்பிடுவாங்க. இவங்களுக்கு நான் தீட்டு. ஊரு விட்டு ஓடியாந்த ஜனம், என்னா சாதியோ ஏதோன்னு நெனைக்கிறாங்க. நாளைக்குப் பொறக்கற புள்ளையையும் இப்படித்தான் நின்னுக்கிட்டே பாப்பாங்க. நான் போயிட்டா திரும்ப மாட்டேன். இப்படிச் சொல்லுது."

அக்கா மிஷின் சக்கரத்திலிருந்து கையை எடுத்தார். "அய்யோ" என்றார். அவ்வளவுதான். நான் பொறுக்காமல், "அக்கா, இதுல என்ன இருக்குது? இன்னிக்கு ராத்திரி ஒரு வேளை அதுகூட குந்திச் சாப்பிட்டுடுங்க. தீந்து போச்சு" என்றேன்.

"முடியாது புள்ள."

"ஏன்?"

"முடியாது. கேக்காத. சொல்லவும் கூடாது."

அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் பின்னால் ஓடினேன். குமாரசாமிப்பேட்டை வரைக்கும் போய்த் திரும்பினோம். வழியில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவர் நின்று திரும்பிப் பார்த்தார். அது மகன் வண்டி இல்லை. மகன் அப்போது பம்பாயிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தான். அன்றோ மறுநாளோ வந்தாக வேண்டும். எங்கள் ஊருக்கு வந்து, லோடு இறக்கச் சேலம் போக, தொப்பூரைத் தாண்ட வேண்டும்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் அக்கா திடீரென்று என்னைக் கேட்டார்:

"நீ கோயிலு கொளமுன்னு போறவ. சொல்லு. தீர்த்தமலையானுக்கு எத்தன பாஷ தெரியும்?"

"என்னக்கா கேள்வி இது? சாமிக்குத் தெரியாத பாஷை உண்டா?"

"அப்படிச் சொல்லாத. யோசிச்சுச் சொல்லு. தமிழ் தெரியும். ஐயரு மந்திரஞ் சொல்றாரு, அது தெரியும். தெலுங்குக்காரங்க, கன்னடத்துக்காரங்க மலையேறி வர்றாங்க, அதுவும் தெரியும். சிந்தி? அந்தப் பக்கத்து ஜனம் ஒருத்தரும் இதுவரைக்கும் நம்ம மலைக்கு வந்ததில்லயே?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை. "வந்த மாதிரித் தெரியலீங்க்கா" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் அப்பா வந்தார். மொரப்பூரில் ரயில் இறங்கி, பஸ் பிடித்து. வெள்ளைப் பைஜாமா, களைத்த முகம், கையில் அப்பளக் கட்டு. மகளை "புட்" என்று கூப்பிட்டார். அந்த ஊரில் பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். நான் ஒரு கிண்ணம் கூட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். இரும்புப் பெட்டி கயிறு கட்டி வாசலோரம் தயாராக இருந்தது. மாடத்தில் ஆற்றுச் சாமி இருந்த இடத்தில் காய்ந்த பூ ஒன்று கிடந்தது.

அவருக்கு இலை போட்டுச் சோறு. பெண்ணுக்குத் தட்டில் களி, கடைசி வேளை அதையே கேட்டிருந்தாள். அக்கா எல்லாம் பரிமாறிவிட்டு, தன் தட்டில் ஓர் உருண்டை வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றார். அப்பா நிமிர்ந்து பார்த்து, பக்கத்தில் தரையைத் தட்டி, உட்காருங்கள் என்று சைகை காட்டினார். பெண் தலையைத் தூக்காமலேயே அவரிடம் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாளென்று பாஷை தெரியாத எனக்கே புரிந்தது. அவர் கை சுருங்கிக்கொண்டது.

அப்போது அக்கா தட்டைக் கீழே வைத்தார். பெண்ணுக்கு எதிரே வந்து நின்றார். ஒரு தடவை மாடத்திலிருந்த தீர்த்தகிரீஸ்வரரைத் திரும்பிப் பார்த்தார். கோயிலில் பொய் சொல்லப் போகிறவர் பார்க்கிற மாதிரி இருந்தது. அதன் பிறகு நடந்ததில் ஒரு தமிழ்ச் சொல்கூட இல்லை.

சுவரில் மாட்டியிருந்த வீட்டுக்காரர் போட்டோவைத் தொட்டார். இரண்டு கையாலும் ஸ்டியரிங் பிடித்துத் திருப்பிக் காட்டினார். கையை வளைத்து வளைத்து மலைப்பாதை போட்டார். வளைந்து போன கை சட்டென்று கவிழ்ந்து கீழே விழுந்தது. பிறகு ஆணியில் தொங்கிய மகனின் காக்கிச் சட்டையைப் பிடித்துக்கொண்டார். மறுபடியும் ஸ்டியரிங். மறுபடியும் வளைவு. இந்த முறை கையை விழவிடாமல் மற்றக் கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "லாய்" என்றார், சட்டையைக் காட்டி. இவனுக்காக. கிழக்கே, மலை இருக்கிற திசையில் கும்பிட்டார்.

"ஜேஸ்தாயீன்" என்றார். ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கீழே இறங்குகிற மாதிரி இறங்கினார். வீட்டுத் தரையைக் காட்டினார். "மே." இவன் வண்டியை விட்டு ஒரேயடியாக இறங்கி இந்த வீட்டுக்குள் வந்து சேருகிறவரைக்கும்.

"தேஸ்தாயீன்." தட்டைக் காட்டினார். வாயைக் காட்டினார். தரையைத் தட்டினார். "ந."

இத்தனை வருஷத்து நடையும், பந்தியில் சாம்பார் வாளியும், தீர்த்தமலை மரத்தடியும் ஒரே நேரத்தில் எனக்கு விளங்கின. வேண்டுதல். வாய்விட்டுச் சொன்னால் பலிக்காது என்று நாங்கள் எல்லாரும் நம்புகிற வேண்டுதல். மகன் தொப்பூரை நோக்கி வந்துகொண்டிருக்கிற அதே நாளில், சாமிக்குத் தெரியாத பாஷையில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியாகப் பெண்ணின் மோவாயைத் தொட்டார். "கான்" என்றார். தலையை ஆட்டினார். "ந. ந." உன்னால் இல்லை. பிறகு உதட்டின்மேல் விரலை வைத்து மாடத்தைக் காட்டினார். உரக்கப் பேசாதே, கேட்டுவிடும்.

பெண் தட்டிலிருந்து கையை எடுத்தாள். பிறகு ஒரு கையைத் தரையில் ஊன்றி, பெருத்த வயிற்றோடு மெல்ல எழுந்தாள். குனிந்து தட்டை எடுத்தாள். கீழே இருந்த அக்காவின் தட்டையும் எடுத்தாள். அதை அக்கா கையில் கொடுத்துவிட்டு, அவர் பக்கத்தில் தோளோடு தோளாக நிலைப்படியில் சாய்ந்து நின்று, ஒரு கவளம் எடுத்து விழுங்கினாள். அக்கா விழுங்கவில்லை. பெண் தன் தட்டிலிருந்து ஓர் உருண்டை உருட்டி அவர் வாயில் வைத்தாள்.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பெண் அவரைப் பார்த்து வேகமாகச் சிந்தியில் பேசினாள். அந்தப் பேச்சில் எனக்குப் பிடிபட்டதெல்லாம் அங்கங்கே ஓர் ஐன், ஒரு லாய், ஒரு ஸான். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அந்த நல்ல மனுஷரும் எழுந்து நின்றார். தட்டு இல்லையே, இலையாயிற்றே. இலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். ரசம் முழங்கை வழியாக ஒழுகுகிறது, எடுத்துச் சாப்பிடக் கை இல்லை. ஆனாலும் நிற்கிறார். அதைப் பார்த்ததும் அக்காவுக்கு அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. ஓடிப்போய்த் தட்டுக் கொண்டு வந்தார். நானும் வெறும் கையோடு எழுந்து நின்றேன். உட்கார்ந்திருக்க மனசு வரவில்லை.

பொழுது இறங்குவதற்குள் ஹாரன் கேட்டது. அக்கா முக்குக்கு ஓடினார். மகன் வண்டியை நிறுத்தி, மாமனாருக்குக் கும்பிடு போட்டு, பெண்ஜாதியிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு, சேலத்தில் லோடு இறக்கக் கிளம்பிவிட்டான். அந்த இரவு அக்கா நடந்த நடைக்கு அளவில்லை. கூடவே அந்தப் பெண்ணும் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். காலையில் காலி லாரி தொப்பூர் ஏறித் திரும்பி வந்து நின்றபோது, அக்கா நேரே மாடத்துக்குப் போய் விழுந்து கும்பிட்டார். என்ன வேண்டினாரோ. எனக்குத் தெரிந்தவரை, தீர்த்தமலையானுக்குச் சிந்தி நன்றாகவே தெரியும். அன்றைக்குக் காதை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார், அவ்வளவுதான்.

பெண் அப்பாவோடு கிளம்பினாள். போகும்முன் பெட்டியின் கயிற்றை அவிழ்த்தாள். சேலைக்குள்ளிருந்து ஆற்றுச் சாமியை எடுத்து, காய்ந்த பூவைத் தள்ளிவிட்டு, மலைச் சாமி பக்கத்தில் பழைய இடத்திலேயே வைத்தாள். பிறகு கயிற்றைக் கட்டிக்கொண்டு போனாள். அக்கா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்: "சாமிய வுட்டுட்டுப் போயிருக்கா! சாமிய வுட்டுட்டுப் போயிருக்கா!"

கைக்குழந்தையோடு வந்தாள். வந்த பிறகும் அந்த வீட்டில் எல்லாரும் நின்றபடிதான் சாப்பிட்டார்கள். தெரு பலவிதமாகப் பேசியது. நான் வாய் திறக்கவில்லை.

இப்போது எழுதலாம். ஏனென்றால் பெண்தான் அக்கா மகனை லாரியிலிருந்து படிப்படியாக இறக்கினாள். அவள் அப்பா கடையிலிருந்து அப்பள மாவுப் பக்குவத்தைக் கேட்டு வந்து, வீட்டிலேயே போட்டு, எங்கள் மில் வாசலில் விற்க ஆரம்பித்தாள். வியாபாரம் கூடியதும் மகன் லாரிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். அது எழுபதுகளில் நல்ல மழை பெய்த ஒரு வருஷம். எல்லாரும் மலைக்குப் போய்த் தீர்த்தமாடித் திரும்பிய அன்று மத்தியானம், அக்கா முதல்முதலாகத் தரையில் உட்கார்ந்தார். பார்க்க என்னையும் பாயம்மாவையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒரே பெரிய தட்டில் மாமியாரும் மருமகளும். அக்காவுக்குக் காலை எப்படி மடக்குவது என்றே தெரியவில்லை. இப்படி மடக்கினார், அப்படி நீட்டினார், ஒரு வாய் விழுங்கினார். இரண்டாவது வாய்க்குள் அவர் கண் அடுப்புப் பக்கம் போய்விட்டது. கையை ஊன்றிப் பாதி எழுந்துவிட்டார்.

"கொழம்புல உப்பு பத்தல கண்ணு. இரு, எடுத்தாரேன்."

மருமகள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"குந்துங்கம்மா. உப்பு எங்கியும் போவாது."